நியூயார்க் நகரத்துக் கணக்குப் புத்தகம்

நாட்டு வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. தெருவிளக்குக்கும் குடிநீர்க் குழாய்க்கும் சாக்கடைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆயினும் சாதாரண மனிதன் நாள்தோறும் முகம் காணும் அரசாங்கம் அவன் தெருவைப் பெருக்கும் நகர அரசாங்கமே. அதன்மீது அவனுக்கு நம்பிக்கை இருக்கிறதா, இருந்தால் அந்நம்பிக்கை எதனால் வந்தது, கட்சிப் பற்று அதை வளர்க்கிறதா அல்லது கெடுக்கிறதா என்னும் வினாக்கள் வரலாற்று மாணவர்க்குப் புறம்பானவை அல்ல. பல ஆண்டுகளாக வரலாறு கற்பித்து வரும் நான், இவ்வினாக்கள் வகுப்பில் எழும்போதெல்லாம் ஒரு நகரத்தின் கதையைச் சொல்வது வழக்கம். அந்நகரம் நியூயார்க். காலம், ஏறத்தாழ 1850 முதல் 1878 வரை. அங்கு நடந்த களவு மிகப் பெரியது என்பதற்காக மட்டும் நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. களவாடியவர்களின் கணக்குப் புத்தகமும், அவர்தம் தலைவரின் வாக்குமூலமும், அவருக்கு வாக்களித்த மக்களின் தீர்ப்பும் ஏட்டில் நிற்கின்றன. ஆகவே ஊகத்துக்கு அதிக இடமில்லை.

அமெரிக்கா விடுதலை பெற்ற புதிதில், 1789-இல், நியூயார்க்கில் டாம்மனி சங்கம் என்ற ஓர் அமைப்பு உருவாயிற்று. டெலவேர்ப் பழங்குடி மக்களின் தலைவராக விளங்கிய தாமனெண்ட் என்பவரின் பெயரே திரிந்து சங்கத்தின் பெயராயிற்று. சங்கத் தலைவர்கள் தங்களைப் பழங்குடித் தலைவர்களைப்போல் ‘சேச்செம்’ என்று அழைத்துக்கொண்டனர். தொடக்கத்தில் இது கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் கூடி விருந்துண்டு நாட்டுப்பற்றைப் பேசிய இடம். சில பத்தாண்டுகளில் அது நகரத்து ஜனநாயகக் கட்சியின் உயிர்நிலையாகிவிட்டது. டாம்மனி மன்றத்தின் ஆதரவின்றி அந்நகரில் அக்கட்சியின் வேட்பாளராக நிற்பது அரிதாயிற்று.

இதற்கிடையே கடலுக்கு அப்பால் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. 1845-இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பஞ்சத்துக்குத் தப்பிய இலட்சக்கணக்கான ஏழைகள் கப்பலேறி அமெரிக்கா வந்தனர். 1860-இல் நியூயார்க்கில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர்; அவர்களுள் நால்வரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்தவர். அவர்கள் கத்தோலிக்கர், நகரத்துச் செல்வரோ பெரும்பாலும் புராட்டஸ்டன்டுகள். வந்தவர்களுக்கு நிலமில்லை, தொழிற்பயிற்சியில்லை. தங்களை மதிக்கும் முகமும் இல்லை. வேலை இழந்தவனுக்கு உதவ நகராட்சியில் ஏற்பாடு ஏதும் இருந்ததென்று சொல்வதற்கில்லை. தரும சங்கங்கள் இருந்தன. ஆனால் உதவி கேட்டு வருபவன் தகுதியுள்ள ஏழையா, சோம்பேறியா என்று முதலில் ஆராய்ந்துவிட்டே அவை கை நீட்டின.

டாம்மனியின் வட்டத் தலைவர் அவ்வாறு ஆராயவில்லை. வீடு எரிந்தால் அன்றிரவே போர்வையுடன் வந்தார். பனிக்காலத்தில் நிலக்கரி அனுப்பினார். மகன் காவல் நிலையத்தில் இருந்தால் ஜாமீனுக்கு நின்றார். இறந்தவர் வீட்டுக்கு வந்து துக்கத்தில் பங்கு கொண்டார். தெரு வெட்டும் வேலையும் காவலர் வேலையும் வாங்கிக் கொடுத்தார். கப்பலிலிருந்து இறங்கியவனுக்குக் குடியுரிமைச் சான்று பெற்றுத் தந்தார். அச்சான்றுகளுள் பல சட்டத்துக்கு மாறாக, நீதிபதிகளின் துணையுடன், கூட்டங்கூட்டமாக வழங்கப்பட்டவை என்பதும் உண்மை. இத்தனைக்கும் பதிலாக அவர் கேட்டது தேர்தல் நாளில் ஒரு வாக்கு மட்டுமே. இதனை வெறும் இலஞ்சம் என்று ஒதுக்கிவிட நான் விரும்பவில்லை. நகராட்சி செய்திருக்க வேண்டிய கடமையைக் கட்சி செய்தது. நகராட்சிக்கு உரிய நம்பிக்கையைக் கட்சி பெற்றது. களவுக்கு இடம் பிறந்தது இங்கேதான். ஆனால் முதலில் பிறந்தது நன்றியுணர்ச்சி என்பதை மறத்தலாகாது.

மற்றொரு செய்தியையும் இங்குச் சொல்ல வேண்டும். நகரம் ஜனநாயகக் கட்சியின் கோட்டை. மாநிலத் தலைநகரான ஆல்பனியில் இருந்த சட்டசபையிலோ குடியரசுக் கட்சியின் கை ஓங்கியிருந்தது. 1857-இல் அச்சட்டசபை, நகரக் காவற்படையைக் கலைத்து, மாநிலம் நியமிக்கும் குழுவின்கீழ் ஒரு புதிய காவற்படையை ஏற்படுத்தச் சட்டம் இயற்றியது. பழைய படை ஒழுங்கானது அன்று என்பது மெய்யே. ஆயினும் மேயர் பெர்னாண்டோ வுட் அதைக் கலைக்க மறுத்தார். சில வாரங்கள் நகரில் இரண்டு காவற்படைகள் இருந்தன! ஒரு படை பிடித்த திருடனை மற்றொரு படை விடுவித்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நகர மண்டபத்துப் படிகளிலேயே இரு படையினரும் தடியால் அடித்துக்கொண்டனர். கடைசியில் உயர்நீதிமன்றத் தீர்ப்பால் மாநிலத்துப் படையே நிலைத்தது. தொடர்ந்து தீயணைப்பும் சுகாதாரமும் மாநிலக் குழுக்களின் கைக்குச் சென்றன. 1866-இல் ஏற்பட்ட சுகாதாரக் குழு அவ்வாண்டு வந்த காலராவை நன்றாகவே எதிர்த்துப் போராடியது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நகர மக்களின் கண்ணுக்கு இவையெல்லாம், தேர்தலில் தோற்ற கட்சி சட்டத்தின் வழியாகத் தங்கள் நகரைப் பறித்துக்கொண்ட செயல்களாகவே பட்டன. எதிரி வாயிற்படியில் நிற்கும்போது வீட்டுக்குள் கணக்குக் கேட்பவர் யார்?

இந்தச் சூழ்நிலையில் எழுந்தவரே வில்லியம் ட்வீட். 1823-இல் நாற்காலி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஸ்காத்லாந்து மரபினர், புராட்டஸ்டன்டு. பருத்த உடல், உரத்த சிரிப்பு, பெயர் மறவாத நினைவாற்றல் ஆகியவை அவருடைய மூலதனம். தீயணைப்புத் தொண்டர் படையொன்றின் தலைவராக இருந்து மக்களிடம் பழகினார். அப்படையின் வண்டியில் தீட்டியிருந்த புலித்தலையே பின்னர்க் கேலிச்சித்திரங்களில் டாம்மனியின் சின்னமாயிற்று. நகரமன்ற உறுப்பினராகவும், ஒரு தவணை நாட்டுக் காங்கிரஸ் உறுப்பினராகவும் இருந்துவிட்டு, மாவட்ட மேற்பார்வைக் குழுவில் இடம் பெற்றார்.

இக்குழுவைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தேர்தல் ஆய்வாளர்களை நியமிப்பதும் மாவட்டச் செலவைக் கவனிப்பதும் அதன் வேலை. கட்சிச் சார்பு புகுந்துவிடலாகாது என்று கருதிய சட்டசபை, 1857-இல் இதனை ஒரு புதுமுறையில் அமைத்தது. உறுப்பினர் பன்னிருவர், அவருள் அறுவர் ஒரு கட்சியினர், அறுவர் மற்றொரு கட்சியினர். ஒரு கட்சி தவறு செய்தால் மறுகட்சி தடுக்கும் என்பது எண்ணம். தராசின் இரண்டு தட்டும் சமமாயின. ஆனால் தராசையே விலைக்கு வாங்க முடியும் என்று சட்டம் இயற்றியோர் கருதவில்லை. தேர்தல் ஆய்வாளர்களை நியமிக்க வேண்டிய கூட்டத்துக்கு வாராதிருப்பதற்காகக் குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவருக்கு 2,500 டாலர் கொடுக்கப்பட்டதாகப் பல ஆண்டுகளுக்குப் பின் ட்வீட்டே வாக்குமூலம் தந்தார். அந்த ஒரு நாற்காலி காலியாயிருந்தது; ஆய்வாளர்கள் எல்லாரும் டாம்மனிக்கு வேண்டியவர்களாக அமைந்தனர். மேடையில் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்ட இரு கட்சியாரும் குழு அறையில் பங்குதாரர்களாக இருக்க முடியும் என்பதை ட்வீட் கற்றுக்கொண்ட இடம் இதுவே.

1863-இல் உள்நாட்டுப் போருக்கு ஆள் எடுக்கும் சட்டத்தை எதிர்த்து நகரில் பெருங்கலகம் மூண்டது. முந்நூறு டாலர் கட்டினால் படையில் சேராதிருக்கலாம் என்ற விதி ஏழைகளைக் கொதிப்பித்தது. கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். குற்றமற்ற கறுப்பு மக்கள் பலர் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். அதன்பின், ஏழைகளுக்குப் பதிலாக மாற்று வீரர்களைச் சேர்க்க மாவட்டப் பணத்தைக் கொடுக்கும் திட்டத்தை நடத்தி, ட்வீட் நகருக்கு அமைதி தேடித் தந்தார். செல்வரும் அதற்காக அவரைப் பாராட்டினர். அவ்வாண்டே அவர் டாம்மனி சங்கத்தின் தலைமைச் சேச்செம் ஆனார். 1869-க்குள் மேயர் ஓக்கி ஹால், கணக்கதிகாரி ரிச்சர்டு கானலி, கருவூல அதிகாரி பீட்டர் ஸ்வீனி ஆகியோருடன் அவர் அமைத்த கூட்டு நகரத்தைத் தன் கையில் கொண்டது. ஆளுநரும் அவர்கள் கட்சியினரே.

1870-இல் நகரத்துக்குப் புதிய சாசனம் ஒன்று வந்தது. மாநிலக் குழுக்கள் பறித்திருந்த அதிகாரங்களை அது நகருக்கே மீட்டுத் தந்தது. தன்னாட்சி என்ற இனிய பெயரைக் கேட்டு நேர்மையான பெருமக்கள் பலரும், வள்ளல் பீட்டர் கூப்பரின் குடிமக்கள் சங்கமும்கூட, அதனை ஆதரித்தனர். அச்சாசனத்தை நிறைவேற்ற ஆல்பனியில் இரு கட்சி உறுப்பினர்களுக்கும் பணம் பாய்ந்தது என்பது பிறகு வெளிவந்தது. சாசனத்தின் ஒரு மூலையில் தணிக்கைக் குழு ஒன்று இருந்தது. அதற்கு முன்பே நிலுவையிலிருந்த மாவட்டச் செலவுகளைத் தணிக்கை செய்ய அவ்வாண்டில் ஒரு சட்டம் மேயர், கணக்கதிகாரி, ட்வீட் என்ற மூவரையே நியமித்தது. திருடியவர்களே தங்கள் கணக்கைத் தாங்களே தணிக்கை செய்துகொள்ளும் உரிமையைப் பெற்றனர். அறுபது இலட்சம் டாலருக்கு மேற்பட்ட பில்கள் பெரும்பாலும் பார்க்கப்படாமலே கையொப்பம் பெற்றன.

இனி அந்தப் பில்களைப் பார்ப்போம். நகர மண்டபத்துக்குப் பின்புறத்தில் மாவட்ட நீதிமன்றம் ஒன்று 1861-இல் கட்டத் தொடங்கப்பட்டது. மதிப்பிட்ட செலவு இரண்டரை இலட்சம் டாலர். பத்தாண்டுக்குப் பிறகு, கட்டிடம் முடியாத நிலையிலேயே, அதன் பெயரால் எழுதப்பட்ட செலவு ஒரு கோடியே முப்பது இலட்சம் டாலர் அளவை எட்டியிருந்தது. 1867-இல் அமெரிக்கா ரஷ்யாவிடமிருந்து அலாஸ்கா நாடு முழுவதையும் எழுபத்திரண்டு இலட்சம் டாலருக்கு வாங்கியது என்பதை நினைத்துக்கொண்டால் இந்தத் தொகை விளங்கும். மூன்று மேசைகளுக்கும் நாற்பது நாற்காலிகளுக்கும் 1,79,729 டாலர். வெப்பமானிகள் பதினொன்றுக்கு 7,500 டாலர். துடைப்பம் முதலியவற்றுக்கு 41,190 டாலர். ஆண்ட்ரு கார்வி என்ற சுவர்ப்பூச்சுக்காரர் இரண்டு நாள் வேலைக்கு 1,33,187 டாலர் பெற்றதாகக் கணக்கு. அவர் பெயரில் எழுதப்பட்ட மொத்தத் தொகை இருபத்தெட்டு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேல். பத்திரிகைகள் அவரைப் ‘பூச்சுக்காரர்களின் இளவரசர்’ என்றன. இந்தத் தொகை முழுவதும் கார்வியின் வீட்டுக்குச் செல்லவில்லை. காண்ட்ராக்டர் உண்மை விலையைப்போல் பன்மடங்கு எழுத வேண்டும். பணம் வந்ததும் பெரும்பங்கைக் கூட்டத்தாருக்குத் திருப்பித் தரவேண்டும். அவர்களுடைய பங்கு வளர்ந்து வளர்ந்து கடைசியில் நூற்றுக்கு அறுபத்தைந்தாயிற்று. மொத்தக் களவை இரண்டரைக் கோடி முதல் நாலரைக் கோடி டாலர் வரை என மதிப்பிடுவோர் உளர். இருபது கோடி என்போரும் உளர். நகரத்தின் கடன் மூன்றாண்டுகளில் இரு மடங்குக்கு மேல் பெருகிற்று.

இவ்வளவும் நடக்கும்போது நகரத்தின் கண்கள் எங்கே இருந்தன? பத்திரிகைகளுள் பல நகராட்சி விளம்பரப் பணத்தை நம்பி வாழ்ந்தன. ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழின் இயக்குநருள் ஒருவர் ட்வீட்டின் அச்சுக்கூடத்தில் கூட்டாளி. அவர் 1870-இல் இறந்த பிறகே அவ்விதழின் தாக்குதல் கடுமையாயிற்று. அவ்வாண்டு நவம்பர்த் தேர்தலுக்குச் சற்று முன், நகரத்தின் பெருஞ்செல்வர் அறுவர், ஜான் ஜேகப் ஆஸ்டர் தலைமையில், கணக்கதிகாரியின் ஏடுகளைப் பார்வையிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன என்று சான்றளித்தனர். ஏழைகள் நிலக்கரிக்காகக் கண்ணை மூடிக்கொண்டனர் என்று குறை கூறுவோர் இந்த அறுவரை மறந்துவிடுகின்றனர்! குறைந்த வரியும் உயரும் மனை விலையும் செல்வர்க்கு இனித்தன. அவர்களும் தங்கள் நிலக்கரியைப் பெற்றுக்கொண்டவர்களே என்பது என் கருத்து.

1871 ஜனவரியில் மாவட்டத் தணிக்கையாளர் ஜேம்ஸ் வாட்சன் பனிச்சறுக்கு வண்டி விபத்தில் அடிபட்டு இறந்தார். இரகசியக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பிலிருந்தது. அவருடைய மறைவால் ஏற்பட்ட மாறுதலில் மாத்தியு ஓரூர்க் என்பவர் கணக்கெழுத வந்தார். அவர் கண்டதைப் படியெடுத்தார். தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று சினங்கொண்ட முன்னாள் ஷெரீப் ஜேம்ஸ் ஓப்ரையன் மற்றொரு படியைப் பெற்றிருந்தார். இரண்டும் ‘டைம்ஸ்’ இதழைச் சேர்ந்தன. உரிமையாளர் ஜார்ஜ் ஜோன்ஸ் வாய் திறவாதிருப்பதற்கு ஐம்பது இலட்சம் டாலர் தருவதாகக் கணக்கதிகாரி கானலி பேசிப் பார்த்தார் என்று ஜோன்ஸ் கூறினார். ஜூலை மாதத்தில் கணக்கின் வரிகள் அப்படியே அச்சேறின. ஜெர்மன் மக்களும் படிக்கும் பொருட்டு அவர்கள் மொழியிலும் ஒரு தனி இணைப்பு வெளிவந்தது. அதற்கு முன் அவ்விதழ் எத்தனையோ வசைகளை எழுதியிருந்தது. அவற்றை மக்கள் கட்சிப் பூசல் என்று தள்ளிவிட்டனர். பெயர், நாள், தொகை என்ற மூன்று பத்திகள் கண்ணெதிரே நின்றபோது, அவற்றைத் தள்ளுவது கடினமாயிற்று.

ஆயினும் முற்றிலும் தள்ள முடியாமற் போகவில்லை. காரணம், குற்றம் சாட்டியவர்கள்மீதும் ஒரு நிறம் படிந்திருந்தது. ‘டைம்ஸ்’ குடியரசுக் கட்சி ஏடு. ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ இதழில் ட்வீட்டைப் பணமூட்டைத் தலையராக வரைந்து உலகறியச் செய்த ஓவியர் தாமஸ் நாஸ்ட், ஒப்பற்ற கலைஞர். அதே கையால் அவர் ஐரிஷ் மக்களைக் குரங்கு முகத்தினராகவும் வரைந்தவர். 1871 செப்டம்பரில் அவர் தீட்டிய ஒரு படத்துக்கு ‘அமெரிக்கக் கங்கை நதி’ என்று பெயரிட்டார். நம் நாட்டுப் பெயர் அங்குச் சென்ற விதத்தைப் பாருங்கள்! இந்தியரை அறியாமையின் உருவாகக் காட்டும் கிறிஸ்தவப் பிரசாரக் கதைகளிலிருந்து எடுத்த பெயர் அது. படத்தில் கத்தோலிக்க ஆயர்களின் முடிகள் முதலைகளின் வாயாக மாறி, கரையிலுள்ள பள்ளிக் குழந்தைகளை விழுங்க வருகின்றன. இப்படத்தைக் கண்ட ஓர் ஐரிஷ் தொழிலாளி, கணக்குப் புத்தகத்தைப்பற்றிய செய்தியை மட்டும் எப்படி நடுநிலையாகக் கொள்வான்? திருடனைக் காட்டிய விரலே தன் கோயிலையும் இகழ்ந்தது என்றே அவனுக்குத் தோன்றியிருக்கும்.

எனவே கூட்டத்தை வீழ்த்தும் வேலை எதிர்க்கட்சியால் மட்டும் முடிந்திராது. அதை முடித்தவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் டில்டன். மாநில ஜனநாயகக் கட்சியின் தலைவரே அவர். நெடுங்காலம் ட்வீட்டைப் பொறுத்துக்கொண்டிருந்தவர் என்ற குறை அவர்மீது உண்டு. வெளிப்படையாக எழுந்தபோது அவருக்கு இருந்த அரசியல் நோக்கமும் மறைவானதன்று. எனினும் எழுந்தார். செப்டம்பர் 4-ஆம் நாள் கூப்பர் யூனியன் மண்டபத்தில் கூடிய பெருங்கூட்டம் எழுபதின்மர் குழுவை அமைத்தது. அதில் இரு கட்சியாரும் இருந்தனர். கணக்கு அலுவலகத்திலிருந்து ரசீதுகள் இரவோடிரவாகக் களவு போயின. டில்டன் அதற்குச் சோரவில்லை. வங்கிப் பேரேட்டை வரவழைத்து, காண்ட்ராக்டர்களுக்கு நகராட்சி கொடுத்த தொகையில் எந்தப் பங்கு எந்த நாளில் ட்வீட்டின் கணக்கில் ஏறியது என்பதை வரிக்கு வரி பொருத்திக் காட்டினார். வழக்கை நடத்திய புகழ்பெற்ற வழக்கறிஞர் சார்லஸ் ஓகானர் ஜனநாயகக் கட்சியினர்; ஐரிஷ்காரரின் மகன்; கத்தோலிக்கர். இவர்கள் சொன்னபோது, இது குடியரசுக் கட்சியின் சூழ்ச்சி என்ற பேச்சு எடுபடவில்லை.

நவம்பரில் தேர்தல் வந்தது. டாம்மனி வேட்பாளர்கள் நகரெங்கும் வீழ்ந்தனர். ஆனால் ஒருவர் வீழவில்லை. மாநில மேலவைக்கு நின்ற ட்வீட்டைச் சொந்தத் தொகுதி மக்கள் பெருவாரியான வாக்குகளால் மீண்டும் தேர்ந்தெடுத்தனர். எதிர்த்து நின்றவர் சாதாரண மனிதர் அல்லர். அயர்லாந்து விடுதலைக்காக ஆங்கிலேயர் சிறையில் வதைபட்ட ஓடோனவன் ரோசா. ஐரிஷ் வீரரை விட்டுவிட்டு, களவு மெய்ப்பிக்கப்பட்ட புராட்டஸ்டன்டுக்கு ஐரிஷ் ஏழைகள் வாக்களித்தார்கள். மாணவர்கள் இவ்விடத்தில் சிரிப்பதுண்டு. நான் அவர்களிடம் ஒரு செய்தியைச் சொல்வேன். அதற்கு முந்திய ஆண்டுப் பனிக்காலத்தில் ட்வீட் தம் வட்டத்து ஏழைகளுக்கு ஐம்பதாயிரம் டாலர் கொடுத்திருந்தார். அது அவர்கள் பணமே; வாடகையின் வழியாகவும் வரியின் வழியாகவும் அவர்களிடமிருந்து போனது. ஆனால் திரும்பி வந்த ஐம்பதாயிரம் கண்ணுக்குத் தெரிந்தது. போன கோடிகள் தெரியவில்லை.

ட்வீட்டின் முடிவை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1873 ஜனவரியில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமைப்படவில்லை. நவம்பரில் இருநூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. அவர் விசாரிக்கப்பட்டது, அவர் கொள்ளையடித்துக் கட்டிய அதே நீதிமன்றக் கட்டிடத்தில். பன்னிரண்டாண்டுத் தண்டனை மேல் முறையீட்டில் ஓராண்டாகக் குறைந்தது. விடுதலையானவர், நகராட்சி தொடுத்த பண வழக்கில் மீண்டும் சிறை புகுந்தார். 1875 டிசம்பரில் வீட்டைக் காண அழைத்துச் செல்லப்பட்டபோது தப்பிக் கியூபா வழியாக ஸ்பெயின் சேர்ந்தார். நாஸ்ட் வரைந்த கேலிச்சித்திரமே அங்கு அவரை அடையாளம் காட்டியது. திரும்பக் கொணரப்பட்டு, விடுதலை கிடைக்கும் என்ற நம்பிக்கையில் 1877-இல் அனைத்தையும் வாக்குமூலமாகக் கூறினார். விடுதலை கிடைக்கவில்லை. 1878 ஏப்ரல் 12-இல் சிறையிலேயே இறந்தார். கூட்டாளிகளுள் சிறைக்குள் உயிர்விட்டவர் அவர் ஒருவரே. களவுபோன பணத்தில் நகரம் மீட்டது பத்து இலட்சம் டாலருக்கும் குறைவு.

சீர்திருத்தக்காரர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதே எனக்கு இக்கதையில் மிக முக்கியமாகப்படும் பகுதி. 1872-இல் சர்க்கரை வணிகர் ஹேவ்மெயர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேர்மையானவர், கைச்சுத்தம் உடையவர். புதிய கணக்கதிகாரி ஆண்ட்ரு கிரீன் ஒவ்வொரு காசையும் எண்ணினார். அடுத்த ஆண்டு நாட்டைப் பொருளாதார வீழ்ச்சி தாக்கிற்று; ஆலைகள் மூடின. வேலையற்றோர், நகராட்சி பொதுவேலை தொடங்கிக் கூலி தரவேண்டும் என்று கேட்டனர். கிடைக்கவில்லை. 1874 ஜனவரி 13-இல் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் பெண்களும் குழந்தைகளும் உட்பட ஆயிரக்கணக்கானோர் கூடியபோது, காவலர் தடியுடன் கூட்டத்துக்குள் பாய்ந்தனர். கணக்கு ஒழுங்காயிருந்தது, அடுப்பு எரியவில்லை. அவ்வாண்டு நவம்பரிலேயே டாம்மனியின் ஆதரவு பெற்றவர் மேயராக வென்றார். ட்வீட்டின் வீழ்ச்சிக்குப் பின் மூன்றே ஆண்டு! புலி செத்தது என்று எழுதிய பத்திரிகைகள் மறுபடியும் புலியை வரையத் தொடங்கின.

பெருமக்கள் இதிலிருந்து கற்ற பாடம் விந்தையானது. டில்டன் அப்போது மாநில ஆளுநர். நகர ஆட்சியைச் சீர்திருத்த அவர் அமைத்த குழு, 1877-இல் அறிக்கை தந்தது. நகரத்தின் வரவு செலவை ஒரு நிதிக்குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். அக்குழுவைச் சொத்துவரி செலுத்துவோரும் ஓர் அளவுக்குமேல் வாடகை கொடுப்போரும் மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. கட்சி நோய்க்கு மருந்தாக ஏழையின் வாக்கைக் குறைக்க முற்பட்டனர்! சட்டசபை ஒரு முறை அதை ஏற்றது; அரசியலமைப்புத் திருத்தமாதலால் இரண்டாம் முறையும் ஏற்க வேண்டும். அதற்குள் எதிர்ப்பு மூண்டது. 1878-இல் திட்டம் கைவிடப்பட்டது. ஆஸ்டர் தலைமையில் சான்றளித்த அறுவரும் பெருஞ்சொத்துக்காரர்கள் என்பதை அறிக்கை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் சீர்திருத்தக் கட்சிகள் இடையிடையே வென்றன. ஓரிரண்டு தேர்தலுக்குள் டாம்மனி திரும்பிற்று. தங்களை நம்பாதவர்களை மக்களும் நம்பவில்லை.

1930-க்குப் பின் சாமுவேல் சீபரி என்ற நீதிபதி நகராட்சியைத் துருவி ஆராய்ந்தார். அவரும் ஜனநாயகக் கட்சியினரே. ஷெரீப் ஒருவர் சம்பளத்தைப்போல் பன்மடங்காக மூன்றரை இலட்சம் டாலருக்கு மேல் வங்கியில் சேர்த்திருந்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, வீட்டிலுள்ள தகரப் பெட்டியிலிருந்து என்றார். ஊரே சிரித்தது. மேயர் ஜிம்மி வாக்கர் 1932 செப்டம்பர் முதல் நாள் பதவி விலகினார். மறு ஆண்டு, இரு கட்சியிலிருந்தும் பிரிந்தோர் சேர்ந்து நிறுத்திய லாகார்டியா மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தாலியத் தந்தைக்கும் யூதத் தாய்க்கும் பிறந்த அவர் குடியேறியோர் தெருக்களின் பல மொழிகளைப் பேசக்கூடியவர். அவர் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். ஆனால் அவருடைய நகரத்துக்கு வேலைத் திட்டங்களுக்கான பணத்தை அள்ளித் தந்தவர் ஜனநாயகக் கட்சிக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட். 1934-இல் நகர வீட்டு வசதி ஆணையம் ஏற்பட்டது. மறு ஆண்டு டிசம்பரில் குறைந்த வாடகை வீடுகள் முதன்முதலாகத் திறக்கப்பட்டன. நகராட்சி வேலைகளுக்குத் தேர்வு எழுதிச் சேர்வோர் பெருகினர். வேலைக்கும் வீட்டுக்கும் வட்டத் தலைவரின் கதவைத் தட்ட வேண்டிய தேவை குறையக் குறைய, அந்தத் தலைவரின் வாசலில் கூட்டமும் குறைந்தது. லாகார்டியா மூன்று தவணை, பன்னிரண்டு ஆண்டு, மேயராயிருந்தார். அந்த ஆண்டுகளில் டாம்மனிக்குத் தன் கட்டிடத்தைக் காப்பாற்றவும் பணமில்லாமற் போயிற்று. 1929-இல் யூனியன் சதுக்கத்தில் பெருமிதமாக எழுப்பிய மன்றத்தை 1943-இல் அது விற்றுவிட்டது. வாங்கியது, பெண்கள் உடை தைக்கும் தொழிலாளரின் சங்கம்.